பதினான்காம் பிரிவு

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு
அமைச்சகத்தின் பெயரை ஏழு முறை மாற்றிவிட்டார்கள்.
ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்ற வருபவன்
அதே நான்கு ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு
ஏணியில் நிற்பான்.

உலான்பாத்தரில் எதுதான் மாறவில்லை?
நான் பள்ளியில் சிரிலிக்கில் எழுதிப் பழகிய பெயரை
என் மகள் பழைய எழுத்தில்
மேலிருந்து கீழாக இறக்குகிறாள்.
எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும்
என்று ஒருநாள் உத்தரவு வந்தது.
அப்பா மூன்று நாள் யோசித்து
தெற்கே ஒரு மலையின் பெயரை எடுத்துக்கொண்டார்.
அது இப்போது பள்ளம்.

மாறாதது பதினான்காம் பிரிவு.
‘இந்நாட்டின் சட்டங்கள் எவ்வாறு மாறினும்
இவ்வொப்பந்தம் முப்பது ஆண்டுகளுக்கு மாறாது.’
முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில்
காய்ந்த பசைத்துளி ஒன்று இருக்கும். என் கைதான்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும்
தைத்துக் கட்டியவள் நான்.

கையெழுத்திட்ட கம்பெனியை இன்னொன்று வாங்கியது,
அதை மற்றொன்று.
கடிதத்தாளில் கழுகு போய் நீல வட்டம் வந்தது,
வட்டமும் போய் இப்போது வெறும் மூன்று எழுத்து.
கையெழுத்திட்ட அமைச்சர்
இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு
குதிரைப் பந்தயங்களுக்குத் தலைமை தாங்குகிறார்.

கம்பெனியை வாயாரத் திட்ட என்னால் முடியாது.
தம்பி போல்தோர்ஜ் அங்கே லாரி ஓட்டுகிறான்,
சக்கரம் அவனைப்போல் இரண்டு ஆள் உயரம்.
மகளின் பல்லுக்குப் போட்ட கம்பி அவன் பணம்.
அப்பா தேர்ந்தெடுத்த பெயரை
நாளுக்குப் பதினெட்டு நடை அள்ளிக் கொட்டுகிறான்.

போன மாதம் புது அமைச்சர் வந்தார், துகர்ஜாவ்.
முப்பத்தொன்பது வயது.
மைனஸ் இருபத்தாறு குளிரில், தொப்பியில்லாமல்,
சதுக்கத்தில் நின்று
‘அதைக் கிழிப்பேன்’ என்று கத்தியவர்.
நானும் போயிருந்தேன். கைதட்டினேன்.
கையுறையோடு தட்டினால் சத்தம் வராது.

வந்ததும் மூலப்பிரதியைக் கேட்டார்.
ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல்
இரண்டு கையாலும் தூக்கிப் போய் வைத்தேன்.
பதினான்கைப் படித்தார்.
தேநீரில் ஆடை கட்டியது.
பிறகு அவர் கட்டைவிரல்
பக்கத்தின் கீழ்மூலைக்கு நகர்ந்தது,
அடுத்த பக்கம், அதற்கடுத்தது.
மூலைக்கு மூலை நீல மையில்
பொடியாக இரண்டு எழுத்து.

பதினாறு வருடத்துக்கு முன்
கம்பெனி வழக்கறிஞர்கள் வரிசையில்
கடைசி நாற்காலியில் ஒரு பையன் இருந்தான்.
பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடுவது அவன் வேலை.
பேனாவை என்னிடம்தான் இரவல் வாங்கினான்.
திருப்பித் தரவில்லை.

அமைச்சர் என்னைப் பார்த்தார்.
நான் வெந்நீர்க் குழாயைப் பார்த்தேன்.
‘ஒரு நகல் வேண்டும், பத்திரிகைக் கூட்டத்துக்கு’ என்றார்.
கொஞ்சம் கழித்து,
‘ஓரங்கள் விழாமல்.’

இரவெல்லாம் இயந்திரத்தோடு நின்றேன்.
மூலையில் வெள்ளைத்தாள் பட்டை ஒன்றை வைத்து
மூடி, அழுத்தி, எடுத்து, திருப்பி.
எழுத்தோடு பக்க எண்களும் போயின.
விடியும்போது
எது முதல், எது கடைசி என்று
எனக்கே குழம்பிவிட்டது.

தொலைக்காட்சியில் கிழித்தார்.
ஒரே பிடியில் அத்தனையும் கிழியுமா,
பத்துப் பத்துத் தாளாக.
ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் நல்ல சத்தம்.
பெருக்க வந்த செர்மா
பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று
பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கி
மகன் படம் வரைய எடுத்துப் போனாள்.

மூன்றாம் நாள் கம்பெனிக் கடிதம் வந்தது.
‘மாண்புமிகு அமைச்சரின் உணர்வை மதிக்கிறோம்.
பிரிவு பதினான்கை நினைவூட்ட விழைகிறோம்.’
எண் போட்டேன், நூலில் கோத்தேன்,
மூலப்பிரதி இருக்கும் அதே தட்டில் வைத்தேன்.

ஆனால் அதற்கு முன்பே,
கிழித்த அன்று இரவே,
சுரங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து
போல்தோர்ஜ் கூப்பிட்டிருந்தான்.
பின்னால் தட்டுகள் மோதும் ஓசை.
‘அக்கா, கிழிச்சுட்டாராமே.
நாளைக்கு ஷிஃப்டுக்குப் போகணுமா, வேண்டாமா?’

அலமாரிச் சாவி என் மடியில் இருந்தது.

போ, என்றேன்.